ஈரலின் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தை வளர்க்கும் வைத்தியம்: ஒரு மாதம் காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். குடல் ஆபரேஷன் முடிந்துவிட்டது. கல்லீரலின் வலது பக்கத்தில் நிறையக் கட்டிகள். ஆறு சுற்று கீமோவில் அவை சுருங்கியிருக்கின்றன. இனி எடுத்துவிடுவார்கள் என்று நம்பிப் போனால், "எடுத்தால் மிச்சம் 20 சதவீதம்தான் இருக்கும், அது போதாது. முதலில் ஒரு ரத்தக்குழாயைப் பசை வைத்து அடைக்கிறோம், நாலு வாரம் கழித்துப் பார்க்கலாம்" என்கிறார் சர்ஜன். இன்னொரு மருத்துவர் இரண்டு குழாய்களையும் ஒரே நாளில் அடைக்கலாம் என்கிறார். ஒன்றா, இரண்டா, எது நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாத கேள்வி அது இல்லை என்று படுகிறது. உடம்பில் கேன்சரை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சும்மா இருக்கலாமா, ஆபரேஷனைத் தட்டிக்கழிக்கிறார்களா என்பதுதான் உங்கள் பயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். கத்தி பிடிப்பவன் இல்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி ஊசி, கம்பி, குழாய் வழியாக வேலை பார்ப்பவன். உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் அடைப்பு வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். தன் தொழில்மேல் எல்லோருக்கும் கொஞ்சம் சாய்வு இருக்கும், எனக்கும் உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கல்லீரல் அறுவையைத் திட்டமிடும்போது எங்கள் கண் முழுக்க விட்டுவைக்கப்போகும் துண்டின் மேல்தான் இருக்கும். வெட்டுவது இன்றைக்குப் பெரிய விஷயம் இல்லை. வெட்டிய மறுநாளிலிருந்து அந்தச் சின்னத் துண்டு தனியாக உடம்பைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் மஞ்சள் ஏறும், ரத்தம் உறையாது, வயிற்றில் நீர் கோக்கும், நினைவு தடுமாறும். சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் இருப்பதுபோல ஈரலின் வேலை முழுவதையும் செய்ய மெஷின் கிடையாது. ஆபரேஷன் சுத்தமாக முடிந்து, இரண்டாவது வாரத்தில் நோயாளியை இழப்பது இப்படித்தான். ஆகவே ஒரு எல்லை வைத்திருக்கிறோம். ஆரோக்கியமான ஈரல் என்றால் குறைந்தது 20 சதவீதம் மிஞ்ச வேண்டும். நீண்ட கீமோ வாங்கிய ஈரலுக்கு 30. சிரோசிஸ் வந்து தழும்பேறிய ஈரலுக்கு 40. உங்கள் அப்பா இரண்டாவது வகை. அவருடைய 20 போதாது என்று சர்ஜன் சொன்னது தட்டிக்கழித்தல் இல்லை. என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஈரல் தானாக வளருமே, வெட்டிய பிறகு வளர்ந்துகொள்ளாதா என்று கேட்கலாம். வளரும். ஆனால் பல்லி வால்போல வெட்டிய இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. மிச்சமிருக்கும் பகுதிதான் பருத்துப் பெரிதாகிறது, அதற்கு வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களை ஆபரேஷனுக்குப் பின்னால் வைத்தால் உயிருக்கு ஆபத்து. முன்னால் வைத்தால் வலது பக்கமும் கூடவே இருந்து தாங்கிக்கொள்ளும். இந்த வைத்தியத்தின் யோசனையே இவ்வளவுதான்.

எப்படி வளர வைப்பது? கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கு ரத்தத்தைக் கொண்டுவருகிறது. மீதிக் கால் பங்கு தமனி வழியாக வருகிறது. ஆனால் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியைக் கொடுப்பது அந்தக் கால் பங்குதான். போர்ட்டல் ரத்தத்தில் இன்சுலினும் வளர்ச்சியைத் தூண்டும் வேறு பொருட்களும் கலந்து வரும். வலது போர்ட்டல் கிளையை அடைத்தால் அத்தனை ரத்தமும் இடதுபக்கம் திரும்புகிறது, அங்குள்ள செல்கள் பெருகத் தொடங்குகின்றன. வலது பக்கம் மெல்ல வற்றுகிறது, ஆனால் அழுகுவதில்லை. தமனி அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தமனியை அடைக்கும் சிகிச்சைகளில் வரும் அளவுக்கு வலியும் காய்ச்சலும் இதில் வருவதில்லை. இது புதுச் சங்கதியும் இல்லை. 1920இலேயே பெய்ட்டன் ரௌஸும் லாரிமோரும் முயல்களின் போர்ட்டல் கிளையைக் கட்டி, கட்டிய பக்கம் சுருங்க மறுபக்கம் பெருப்பதைக் காட்டினார்கள். (கோழிகளில் வைரஸால் புற்றுநோய் வரும் என்று கண்டதற்காக 1966இல் நோபல் வாங்கிய அதே ரௌஸ்தான்.) மனிதர்களுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் 1980களில் ஜப்பானில் மகூச்சி, கினோஷிதா போன்ற சர்ஜன்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அப்பாவுக்கு மயக்கமோ அரை மயக்கமோ கொடுப்பார்கள். வலது விலா எலும்புகளின் இடுக்கில், அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி மெல்லிய ஊசி ஒன்று ஈரலுக்குள் போகும். ஊசி முனை போர்ட்டல் கிளைக்குள் போனதும் கம்பி, அதன்மேல் கதீட்டர் என்ற மெல்லிய குழாய். மருந்து செலுத்திப் படம் எடுத்தால் திரையில் இலை உதிர்ந்த மரம்போல போர்ட்டல் சிரை விரியும். பிறகு பசை. வீட்டில் உடைந்த பொருளை ஒட்டும் சூப்பர் குளூவின் இனத்தைச் சேர்ந்ததுதான் இது, மருத்துவத்துக்கென்று தயாரித்தது. தனியாகப் போட்டால் எக்ஸ்ரேயில் தெரியாது, நொடியில் இறுகிவிடும். அதனால் லிபியோடால் என்ற எண்ணெயில் கலக்கிறோம். கசகசா எண்ணெயில் அயோடின் ஏற்றியது அது. படத்தில் கறுப்பாகத் தெரியும், பசை இறுகுவதையும் தாமதப்படுத்தும். ரத்தமோ உப்புநீரோ பட்டாலே பசை கெட்டியாகும் என்பதால், கதீட்டரை டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தால்தான் கழுவ வேண்டும். நர்ஸ் பழக்கதோஷத்தில் சலைன் சிரிஞ்சை நீட்டினால் அறையே ஒரு கணம் உறைந்துபோகும்.

கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் கைத்திறன். வலது கிளை பிரியும் வாய்வரை அடைக்க வேண்டும், ஆனால் ஒரு துளிகூட இடது கிளைக்குள் போகக்கூடாது. நாம் காப்பாற்ற நினைப்பதே அந்தப் பக்கத்தைத்தான். நான் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் ஒருமுறை பசையின் மெல்லிய கீற்று ஒன்று வால்போல இடது வாசலில் தொங்கியது. அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) இடது பக்க ஓட்டம் சீராக இருந்தது, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது எல்லார் கையிலும் நடக்கக்கூடியதுதான். ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, பித்தக் கசிவு, இடது கிளையில் ரத்தம் உறைதல் ஆகியவையும் வரலாம். பெரிய சிக்கல்கள் என்று பார்த்தால் வெளிவந்த ஆய்வுத் தொகுப்புகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு; உயிரிழப்பு மிக அரிது. பசைக்குப் பதிலாகத் துகள்களும் காயில் என்ற உலோகச் சுருள்களும் வைப்பவர்கள் உண்டு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டதில் பசைக்கே வளர்ச்சி கூடுதல் என்று வந்திருக்கிறது. ஆனால் பழக்கமில்லாதவர் கையில் பசையைவிடத் துகள் பத்திரம் என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம். மிச்சம் 20 சதவீதம்தான் என்றால், வலது பக்கத்தோடு நடுவில் இருக்கும் 4ஆம் பகுதியையும் சேர்த்து எடுக்கத் திட்டம் என்று ஊகிக்கிறேன். வெறும் வலது பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் முப்பதுக்கு மேல் மிஞ்சும். என் ஊகம் சரி என்றால் 4ஆம் பகுதிக்குப் போகும் சின்னக் கிளைகளையும் அடைப்பார்களா என்று கேளுங்கள். அவை இடது கிளையிலிருந்து புறப்படுபவை. அதனால் ஆபத்து கொஞ்சம் கூடும், பலனும் கூடும். இதில் டாக்டர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு.

அப்புறம் அந்த நாலு வாரக் கணக்கு. இங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. ஒரு உதாரணம்: ஈரல் மொத்தம் 1500 மில்லி, அதில் கட்டிகள் 200. கட்டி வேலை செய்யாது, கழித்துவிட வேண்டும், மீதி 1300. விட்டுவைக்கப்போகும் துண்டு 260 என்றால் 20 சதவீதம். நாலு வாரம் கழித்து அதே துண்டு 390 ஆகியிருக்கிறது, அதாவது 30 சதவீதம். இதை ஒருவர் "50 சதவீதம் வளர்ந்தது" என்று எழுதுவார். 260இல் பாதி 130, அது கூடியிருக்கிறது. இன்னொருவர் "10 சதவீதம் வளர்ந்தது" என்று எழுதுவார், 20இலிருந்து 30. இரண்டும் ஒரே ஈரல்தான். ஒரு மருத்துவமனை ஐம்பது என்கிறது, இன்னொன்று பத்து என்கிறது, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எதன் சதவீதம் என்று கேட்டாலே போதும்.

வேகமும் முக்கியம். இந்த உதாரணத்தில் நாலு வாரத்தில் 10, அதாவது வாரத்துக்கு 2.5. டெக்சாஸில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து 2013இல் வந்த ஆய்வு ஒன்று இந்த வார வேகத்தைப் பார்த்தது. பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவியவர்களில் வாரம் 2 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தவர்கள் யாருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு ஈரல் செயலிழக்கவில்லை. அதற்குக் கீழே இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் செயலிழந்தது. ஒரே மையத்தின் கணக்கு, அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் அதன் சாரம் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: ஒரு ஈரல் அடைப்புக்கு எப்படிப் பதில் சொல்கிறதோ, அப்படித்தான் கத்திக்கும் பதில் சொல்லும். நீங்கள் சும்மா காத்திருப்பது என்று நினைக்கும் அந்த ஒரு மாதம் ஈரலுக்கு நாங்கள் வைக்கும் பரீட்சை. ஆபரேஷன் மேஜையில் ஃபெயில் ஆவதைவிட ஸ்கேன் திரையில் ஃபெயில் ஆவது எவ்வளவோ மேல்.

கேன்சரும் அந்த மாதத்தில் வளராதா? வளரலாம், மழுப்ப மாட்டேன். பசை கேன்சருக்கு மருந்தே இல்லை. போர்ட்டல் ரத்தம் நின்றதும் தமனி ரத்தம் கூடுகிறது. கட்டிகள் குடிப்பது பெரும்பாலும் தமனி ரத்தம்தான். ஈரலை வளர்க்கச் சுரக்கும் அதே பொருட்கள் கட்டிக்கும் உரமாகலாம் என்ற சந்தேகமும் பழையது. அடைப்பால்தான் கட்டி வளர்ந்ததா, எப்படியும் வளர்ந்திருக்குமா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுதான்: அடைப்பு செய்துகொண்டவர்களில் சுமார் 15 முதல் 20 சதவீதம் பேர் ஆபரேஷன் வரை போவதில்லை. பெரும்பாலும் நோய் பரவிவிடுவதால், சிலருக்கு ஈரல் போதிய அளவு வளராததால். இடதுபக்கத்தில் சின்னதாக ஒரு கட்டி இருந்தாலும் அதை முதலில் வெட்டி எடுத்துவிட்டு அல்லது சூட்டால் எரித்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். வளரப்போகிற பக்கத்தில் அதை விட்டுவைப்பது சரியில்லை. காத்திருக்கும் நாட்களில் கீமோவைத் தொடர்வதா என்பது உங்கள் ஆன்காலஜிஸ்ட் சொல்ல வேண்டியது. சிலர் தொடர்கிறார்கள், வளர்ச்சி பெரிதாகக் கெடவில்லை என்றும் பதிவுகள் உண்டு.

நான் அடைப்பு செய்த ஒரு பெண்மணிக்கு நாலாவது வார ஸ்கேனில் இடது ஈரலிலும் நுரையீரலிலும் புதிதாகப் புள்ளிகள். ஆபரேஷன் ரத்தானது. அவர் மகன் என்மேல் கோபப்பட்டார், முதல் மாதமே வெட்டியிருக்கலாமே என்று. வெட்டியிருந்தால் எட்டு மணி நேர ஆபரேஷனிலிருந்து மீளும்போதே அந்தப் புள்ளிகள் வெளியே வந்திருக்கும். அவருக்கு அதை அன்று சொல்லவில்லை. சொல்லும் நேரமாக அது இல்லை.

சரி, ஒன்றா இரண்டா. இரண்டாவது மருத்துவர் சொல்வது போர்ட்டல் சிரையோடு, அதே பக்கத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஹெப்பாட்டிக் சிரையையும் அடைப்பது. போர்ட்டலை மட்டும் அடைத்தால் நாளடைவில் பக்கவாட்டுக் கிளைகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் வலது பக்கம் திருட்டுத்தனமாகப் போய்ச் சேரும். வெளியேறும் வாசலையும் மூடினால் அந்த வழி அடைபடும், வலது பக்கம் இன்னும் வற்றும், இடதுக்குத் தூண்டுதல் கூடும். போர்ட்டல் அடைப்பு போதாதவர்களுக்கு இதைப் பின்னால் சேர்ப்பதை 2009இல் கொரியர்கள் எழுதினார்கள். 2016இல் பிரான்சின் மான்பெல்லியேவிலிருந்து கியூவின் குழு இரண்டையும் ஒரே அமர்வில் செய்து காட்டியது. கூடுதல் ஆபத்து என்னவென்றால், ஹெப்பாட்டிக் சிரை இதயத்துக்கு அருகில் திறக்கிறது. அதன் வாயில் வைக்கும் அடைப்பான் நழுவினால் நேரே இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போய்விடும். அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக அடைப்பானைத் தேர்ந்தெடுத்து இறுக்கமாக வைத்தால் அப்படி நேர்வது மிகக் குறைவு.

வளர்ச்சி கூடுதலா, வேகமா என்றால் ஆம். பெரும்பாலான ஒப்பீடுகள் இரண்டு குழாய் அடைப்பில் வளர்ச்சி கூடுதல் என்றே சொல்கின்றன, பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே வந்துவிடுகிறது. கூடுதல் வளர்ச்சியால் அதிகம் பேர் பிழைக்கிறார்களா, கேன்சர் திரும்புவது குறைகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னும் உறுதியான பதில் இல்லை. ஒப்பீடுகளில் நிறைய, பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்தவை. அதில் எந்த நோயாளிக்கு எது என்று தேர்ந்தெடுத்ததே டாக்டரின் விருப்பம்தான். ஆகவே என் வழக்கத்தைச் சொல்கிறேன். 25லிருந்து 30ஐத் தொட வேண்டும் என்றால் போர்ட்டல் மட்டும் போதும். 20இலிருந்து, அதுவும் கீமோ வாங்கிய ஈரலில், 30ஐத் தாண்ட வேண்டும் என்றால் இரண்டையும் அடைக்கவே நினைப்பேன். சர்க்கரை நோய் இருந்தால் வளர்ச்சி மந்தமாகும், அப்போது இன்னும் அந்தப் பக்கம் சாய்வேன். ஆனால் இதைச் செய்யப்போகிறவர் எத்தனை முறை செய்திருக்கிறார் என்பது இந்தக் கணக்கையே புரட்டிவிடும். போர்ட்டல் அடைப்பில் கைதேர்ந்த இடத்தில் ஒன்றைச் செய்வது, முதன்முறையாக முயல்பவரிடம் இரண்டைச் செய்வதைவிட மேல். முதலில் ஒன்று, மூன்று வாரத்தில் வளர்ச்சி மந்தம் என்றால் இரண்டாவது என்று படிப்படியாகப் போகவும் முடியும். 24இலிருந்து 27இல் நின்றுவிட்ட ஒருவரை அப்படி 33க்குக் கொண்டுபோயிருக்கிறோம்.

யாராவது ஆல்ப்ஸ் என்ற ஆபரேஷனைப் பற்றிச் சொல்லலாம். வயிற்றைத் திறந்து போர்ட்டல் கிளையைக் கட்டி, ஈரலையும் பிளந்து வைத்துவிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி திறந்து வலது பக்கத்தை எடுப்பது. 2012இல் ஜெர்மனியிலிருந்து வந்த முதல் தொகுப்பில் 25 நோயாளிகளுக்கு ஒன்பது நாளில் துண்டு 74 சதவீதம் பெருத்திருந்தது, எல்லோரும் வாயைப் பிளந்தோம். அதே தொகுப்பில் 12 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்ததும் இருக்கிறது. பிறகு நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்ததில் நிலைமை மேம்பட்டது. ஸ்காண்டிநேவியாவில் நடந்த லிக்ரோ ஆய்வில் ஆல்ப்ஸ் குழுவில் 92 சதவீதம் பேருக்குக் கட்டியை எடுக்க முடிந்தது, ஈரலைப் பிளக்காமல் இரண்டு ஆபரேஷன்களாகச் செய்யும் வழக்கமான முறையில் 57 சதவீதம் பேருக்குத்தான். அதற்கும் இடம் உண்டு, ஆனால் ஊசித் துளையில் முடிவதை முதலில் முயல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

என்னால் இங்கிருந்து சொல்ல முடியாதவையும் உண்டு. படங்களை நான் பார்க்கவில்லை. இடதுபக்கம் சுத்தமா, கீமோ ஈரலில் கொழுப்பு ஏற்றியிருக்கிறதா, போர்ட்டல் அழுத்தம் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் முடிவை மாற்றும். அழுத்தம் நன்றாகக் கூடிவிட்டால் அடைப்பதே கூடாது. தவிர, ஸ்கேன் அளப்பது பருமனை மட்டும். பருத்ததெல்லாம் வேலை செய்யும் என்று உத்தரவாதமில்லை. சந்தேகமான இடத்தில் பச்சைச் சாயத்தை ஊசி வழியாகச் செலுத்தி ஈரல் எவ்வளவு சீக்கிரம் அதை வெளியேற்றுகிறது என்று அளப்பார்கள், அல்லது மெப்ரோஃபெனின் என்ற மருந்தைக் கொண்டு நியூக்ளியர் ஸ்கேன் எடுப்பார்கள். அடுத்த முறை போகும்போது அடைப்புக்கு முன் துண்டின் மில்லி எவ்வளவு, கட்டியைக் கழித்த மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் மறு ஸ்கேன், வளரவில்லை என்றால் அடுத்த திட்டம் என்ன என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும் டீமிடம் அப்பாவை ஒப்படைக்கலாம்.

என்ன கொடுத்தால் ஈரல் வளரும் என்றும் கேட்டிருந்தீர்கள். எந்தச் சாப்பாடும் அதைத் தனியாக வளர்க்காது. வழக்கமான சாப்பாடு, புரதம் கொஞ்சம் கூடுதலாக, சர்க்கரை இருந்தால் கட்டுக்குள், மது சொட்டுக்கூடக் கூடாது, தினமும் நடக்கட்டும். அடைத்த பிறகு இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சலும் விலாவின் கீழ் வலியும் இருக்கும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வயிறு உப்பல் என்றால் உடனே கூட்டிப்போங்கள். ஈரலுக்கு நல்லது என்று யாராவது மூலிகைச் சாறோ பொடியோ கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் சில ஈரலையே கெடுத்து ஆபரேஷன் தேதி தள்ளிப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.